அட்டவணையில் நாம் எந்தக் கட்டம்?

பி.காம். படித்தவர்களுக்குப் புள்ளியியல் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்கள் லேசாக நினைவிருக்கும். ஒன்று, மாறிகளும் அளவைகளும். மற்றது, மாதிரி எடுக்கும் முறைகள். இரண்டிலும் கணக்கு கிடையாது. அதனால் வாத்தியார் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார். நாமும் "நால்வகை அளவைகளை விளக்குக, 5 மதிப்பெண்" என்பதற்கு மட்டும் உருப்போட்டுவிட்டு, சராசரி, திட்டவிலக்கம் என்று 'நிஜமான' பாடத்துக்குத் தாவிவிடுவோம். இப்போது என் மகள் அதே பாடத்தைப் படிக்கிறாள். அவளும் தாவத்தான் பார்க்கிறாள் :-)

இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், தாவக்கூடாத பாடங்கள் அந்த இரண்டும்தான். கூட்டல் கழித்தலில் யாரும் பெரிதாக ஏமாற்றமுடியாது, சரிபார்க்க ஆள் உண்டு. யாரைக் கேட்டார்கள், கேட்டதை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்ற இரண்டு இடத்தில்தான் விஷயம் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாகக் கூட்டினாலும் வருவது அதே விடைதான். பம்பாய்க்குப் பிழைக்க வந்த நம்மவர்களை இந்த ஊர் எண்ணிய கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். ஆகவே இந்தப் பதிவு பாதி பாடம், பாதி வரலாறு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைகள். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு சத்தம் நமக்கு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பது போன்ற உணர்வுகளை அளக்கமுடியுமா என்று பிரிட்டனில் அறிவியலாளர் குழு ஒன்று 1930-களில் வருடக்கணக்கில் பேசியும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. ஸ்டீவன்ஸ் சொன்ன பதில், அளப்பதில் நாலு வகை உண்டு, எந்த வகை என்று முதலில் சொல்லுங்கள், பிறகு சண்டை போடலாம் என்பது. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருப்பது அந்த நாலுதான்.

வங்கிக்காரன் மேசையிலேயே நாலும் கிடைக்கும். உங்கள் கணக்கு எண் வெறும் பெயர். பார்க்க எண்ணாக இருந்தாலும், 4005-ம் கணக்குக்காரர் 4004-ஐவிட உசத்தி என்று யாரும் சொல்வதில்லை. தாய்மொழி, மதம், சொந்த ஊர் எல்லாம் இந்த வகை. இது பெயரளவை. கம்பெனிகளுக்குப் போடும் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற கடன் தரம் வரிசை அளவை. எது மேல், எது கீழ் என்று தெரியும். எவ்வளவு மேல் என்று தெரியாது. வாடிக்கையாளர் படிவத்தில் 'மிக நன்று' என்றால் 5, 'மோசம்' என்றால் 1 என்று எண் கொடுத்து, கூட்டி வகுத்து, 'கிளையின் திருப்தி 3.8' என்று மேலிடத்துக்கு அனுப்புவது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்து. மோசத்துக்கும் சுமாருக்கும் உள்ள தூரமும், நன்றுக்கும் மிக நன்றுக்கும் உள்ள தூரமும் ஒன்று என்று எந்த வாடிக்கையாளர் சொன்னார்?

மூன்றாவது இடைவெளி அளவை. தேதிதான் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கணக்குப் போடலாம். ஆனால் பூஜ்ஜியம் எங்கே என்பது மனிதன் வைத்துக்கொண்டதுதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். கி.பி. 2000 பிறந்தபோது அந்தக் கணக்கில் 1175 மார்கழி. நாலாவது விகித அளவை. கணக்கில் உள்ள ரூபாய், பம்பாய்க்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பது போன்றவை. இங்கே பூஜ்ஜியம் என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை. பத்து வருடம் என்பது ஐந்து வருடத்தைப் போல இரண்டு மடங்கு.

இதில் பரீட்சைக்குக் கேட்காத ஒரு விஷயம் உண்டு. மேல் வகை அளவையை எப்போது வேண்டுமானாலும் கீழ் வகைக்கு இறக்கிவிடலாம். 'எத்தனை வருடம்' என்பதை 'பழைய ஆள், புது ஆள்' என்று இரண்டே கட்டமாக ஆக்கலாம். ஒரு கோடு போட்டால் போதும். திரும்பி ஏற்றத்தான் முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1960 ஆகஸ்டில் பால் தாக்கரேயும் அவர் தம்பி ஸ்ரீகாந்தும் 'மார்மிக்' என்ற மராட்டிக் கேலிச்சித்திர வார இதழை ஆரம்பித்தார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் அதில் ஒரு பகுதி வர ஆரம்பித்தது. 'படித்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்று பொருள் வரும் தலைப்பு. கீழே கதை, கட்டுரை எதுவும் கிடையாது. பம்பாயின் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் மராட்டியர் அல்லாதவர்களின், குறிப்பாகத் தென்னிந்தியர்களின், பெயர்ப் பட்டியல். அவ்வளவுதான். பெயர்களில் பல டெலிபோன் டைரக்டரியிலிருந்து எடுக்கப்பட்டவை. பிறகு 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று தலைப்பு மாறியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. அதன்பிறகு உடுப்பி ஓட்டல்கள் பட்டபாடும், லுங்கியை வைத்துக் கட்டிய கோஷமும் மாட்டுங்கா, தாராவிப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அரசியலை விடுங்கள். புள்ளியியல் மாணவனாக அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

முதல் கேள்வி, கட்டம். தமிழன், மலையாளி, கன்னடிகர், தெலுங்கர் நாலு பேரும் ஒரே கட்டத்தில், 'மதராசி'. மதராஸ் பக்கமே போகாத மங்களூர்க்காரரும் மதராசி. பட்டியல் போட்டவர் யாரையும் போய் உங்கள் தாய்மொழி என்ன என்று கேட்கவில்லை, பெயரைப் பார்த்துத் தீர்மானித்தார். 'ராவ்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கராக இருக்கலாம், கன்னடிகராக இருக்கலாம், கொங்கணி பேசுபவராக இருக்கலாம், மராட்டி பேசுபவராகவும் இருக்கலாம். தஞ்சாவூர் மராட்டியர்களில் எத்தனை ராவ்கள்! பெயர் ஒரு மாறி. தாய்மொழி வேறொரு மாறி. ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றை அளந்ததாகச் சொன்னால், பிறகு வரும் எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு?

அரசாங்கக் கட்டங்கள் மட்டும் ரொம்ப ஒழுங்கா என்றால், அவையும் யாரோ உட்கார்ந்து வரைந்தவைதான். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிப் பெயர்களைப் பட்டியலிட்டது. 2011-ல் மக்கள் சொன்ன பெயர்களை அப்படியே சேர்த்தபோது 19,569 வந்தது. எழுத்து வேறுபாடுகளை நீக்கி, ஆராய்ந்து, 1,369 தாய்மொழிகள் என்று சுருக்கி, அவற்றையும் தொகுத்து 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். தமிழ் என்ற தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எருகலா இருக்கிறது, கைக்காடி இருக்கிறது. கைக்காடி பேசுபவர்கள் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார்கள், கூடை முடையும் தொழிலுக்குப் பேர்போனவர்கள். அவர்கள் பேசுவது தமிழோடு உறவுள்ள பேச்சு. நம் சங்கங்களில் எதிலாவது ஒரு கைக்காடிக் குடும்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆனால் அட்டவணையில் நாமும் அவர்களும் ஒரே வீடு.

அந்த அட்டவணைப்படி 2011-ல் மகாராஷ்டிரம் முழுவதும் தமிழர் 5 லட்சத்துக்குச் சற்று மேல். நம் ஆண்டுவிழா மேடைகளில் மும்பையில் மட்டுமே பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்பார்கள். எது சரி என்று சண்டைக்குப் போகுமுன் கேள்வியைப் படியுங்கள். கணக்கெடுப்பில் தாய்மொழி என்றால், குழந்தைப் பருவத்தில் உங்கள் அம்மா உங்களிடம் பேசிய மொழி. நீங்கள் இப்போது வீட்டில் பேசுவது அல்ல, எழுதப்படிக்கத் தெரிந்தது அல்ல, அப்பா எந்த ஊர் என்பதும் அல்ல. மேடையில் பேசுபவர் பரம்பரையை எண்ணுகிறார், கணக்கெடுப்பு அம்மாவின் பேச்சை எண்ணுகிறது. வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் அவசரத்தில் "வீட்டில் என்ன பாஷை?" என்று கேட்டு, பிள்ளைகள் இந்தியில் பதில் சொல்லி, அது இந்தி என்று விழுந்தால் மூன்றாவது எண் வரும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் யார் பதில் சொல்வது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளலாம்.

மார்மிக் பட்டியலுக்குத் திரும்புகிறேன். இரண்டாவது கேள்வி, யாரிடமிருந்து எடுத்தார்கள்? 1960-களில் டெலிபோன் யாரிடம் இருந்தது? கம்பெனி, அதிகாரி, டாக்டர், வக்கீல், பெரிய கடைக்காரர். மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். மாட்டுங்காவில் இங்கிலீஷ் படித்து, டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் கற்று, ஸ்டெனோவாகச் சேர்ந்து மேலே வந்த நம்மவர்கள் அந்தப் புத்தகத்தில் இருந்தார்கள். தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலிக்காரர் இருக்கமாட்டார், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் இருக்கமாட்டார். ஆக அந்தப் புத்தகத்தைப் பிரித்தாலே தென்னிந்தியன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்றுதான் தெரியும். எண்ணுவதற்கு முன்பே விடை தயார். அடி வாங்கும்போது மட்டும் டெலிபோன் உள்ளவன், இல்லாதவன் என்ற பாகுபாடு பார்க்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். கம்பெனிகளின் மேல் வேலைகளில் மராட்டியர் குறைவாக இருந்தார்கள் என்ற குறை வெறும் கற்பனை அல்ல. 1961-ல் 41 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த பெரும் பம்பாயில் மராட்டி பேசியவர்கள் பாதிக்கும் குறைவு, நூற்றுக்குச் சுமார் 43 பேர். தென்னிந்திய மொழிக்காரர் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. முதலாளிகளில் பெரும்பாலோர் குஜராத்திகள், பார்சிகள், மார்வாரிகள். இந்த மொத்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரிந்திருக்கும். பெயர்களை மட்டும் அச்சிட்டு, மொத்தம் எத்தனை பேரில் இத்தனை என்பதை அச்சிடாமல் விட்டதுதான் அதன் பலம்.

டெலிபோன் புத்தகத்தை நம்பி மோசம் போன பெரிய கதை அமெரிக்காவில் 1936-ல் நடந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பியது. முகவரிகள் டெலிபோன் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவுப் பட்டியல்களிலிருந்தும் வந்தவை. சுமார் 24 லட்சம் பதில்கள். ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லேண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்று போட்டார்கள். ரூஸ்வெல்ட் 61 சதவீதம் வாங்கினார், லேண்டனுக்கு இரண்டே மாநிலம். பொருளாதார மந்தக் காலத்தில் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களிடம் கேட்டால் வேறென்ன வரும்? போதாததற்கு, மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் யார் என்பது வேறு. பல மடங்கு சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் கேலப் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். 24 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து மலைத்தவர்களுக்கு அது நல்ல பாடம். கோணலாக எடுத்ததை இன்னும் அதிகமாக எடுத்தால் கோணல் நிமிராது.

கெட்ட எண்ணம் இருந்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் நல்ல மனிதர், புத்தகத்தை மட்டும் படிக்காதே, உன் கிராமத்தைப் பார் என்று மாணவர்களுக்குச் சொன்னவர். 1916 வாக்கில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாலக்குறிச்சி, எங்கள் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான் என்று பல ஊர்கள். அந்த ஊர்களில் சிலவற்றுக்கே 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் திரும்பப் போனார்கள். 1980-களில் எஸ். குகன் தலைமையில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் போனார்கள். ஒரே ஊரை இத்தனை தலைமுறை பார்த்த ஆய்வு உலகத்திலேயே குறைவு. எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஊர்கள் எப்படித் தேர்வாயின? 1916-ல் சென்னையில் கல்லூரியில் படித்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யோசித்தால் போதும். பிள்ளையைப் பட்டணத்தில் படிக்கவைக்க வசதியுள்ள வீடு இருந்த ஊர்கள்தான் பட்டியலில் வரமுடியும். அப்படி ஒரு வீடுகூட இல்லாத கரிசல் காட்டுக் குக்கிராமத்துக்கு அங்கே இடமில்லை. அந்தப் புத்தகத்தை வைத்து கங்கைகொண்டானைப் பற்றிப் பேசலாம். 'தென்னிந்தியக் கிராமம்' என்று பொதுவாகப் பேசினால்தான் இடிக்கும். கைக்கு எட்டியதை எடுக்கும் மாதிரி என்று இதைச் சொல்வார்கள். நானே காலை எட்டு மணிக்கு விக்ரோலி ஸ்டேஷன் வாசலில் நின்று பத்துத் தமிழர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டால் அதுவும் இதுதான். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரும், பார்க்சைட் மேட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மாவும் என் கணக்கில் வரமாட்டார்கள்.

இதற்கு மாற்று வழியை இந்தியாவில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் போட்டிருக்கிறது என்று தெரியவேண்டும், ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்த்து எழுதுவது அரசு வழக்கம். இவர் 1937 முதல், சீட்டுக் குலுக்குவதுபோல் சமவாய்ப்பில் விழுந்த நிலத்துண்டுகளை மட்டும் பார்த்தார். எந்த வயல் என்பதை அதிகாரியோ, பண்ணையாரோ, வண்டி போகும் பாதையோ தீர்மானிக்கவில்லை. இதுதான் முக்கியம். 1941-ல் மாதிரி வழியில் சுமார் 75 லட்சம் பேல் என்று வந்தது. வயல் வயலாக எண்ணியவர்களுக்கு 63 லட்சம். வியாபாரக் கணக்கு வந்தபோது அதுவும் 75 லட்சத்தை ஒட்டியே இருந்தது. ஒன்று விடாமல் எண்ணியவர்கள் தோற்றார்கள், கொஞ்சம் எண்ணியவர் ஜெயித்தார். ஆயிரக்கணக்கான தற்காலிக ஆட்களை வைத்து அவசரமாக எண்ணினால் என்ன ஆகும் என்று வங்கியில் வருடக் கடைசியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம் எங்கள் தொழிலுக்கு ரொம்ப நெருக்கம். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரி எடுத்து, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு குழுக்களை அனுப்புவார். இரண்டு விடையும் ரொம்ப விலகினால் எங்கோ தப்பு. எங்கள் கிளையில் ஒருவர் பதிவு போட, இன்னொருவர் சரிபார்ப்பதுபோல. 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று தொடங்கியபோது 1,833 கிராமங்களை வைத்தே கிராமப்புற இந்தியாவைப் பற்றிப் பேச முடிந்தது இந்த வேலையின் பலன்.

அப்படியானால் எல்லாவற்றையும் மாதிரியிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. மாதிரி 'எத்தனை' என்று சொல்லும். 'யார் யார்' என்று சொல்லாது. சணல் வயலுக்குத் தனிப்பெயர் தேவையில்லை. குடிசைக்குத் தேவை. வங்கியிலும் பெரிய கடன்களை ஒன்று விடாமலும், சிறியவற்றில் சிலதை மட்டும் எடுத்தும் ஆய்வாளர் பார்ப்பார். ஆனால் வட்டி மானியம் யாருக்கு என்று வந்தால் முழுப் பட்டியல்தான்.

பம்பாய்க் குடிசைகளின் முழுப் பட்டியல் 1976 ஜனவரி 4 அன்று எடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, எமர்ஜென்சிக் காலம், ஒரே நாளில் நகரம் முழுக்க. எண்ணப்பட்ட குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை, அதாவது 'போட்டோ பாஸ்'. அட்டை இருந்தால் இடித்தாலும் மாற்று இடம் கேட்கலாம். பொங்கலுக்கு முன்கூட்டியே ஊருக்குப் போயிருந்தவன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். அதே வருடம் மே மாதம், அணுசக்தி மையத்தை ஒட்டி ட்ராம்பே பக்கம் இருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர், அவர்களில் தமிழர் ஏராளம். சீத்தா கேம்ப் அப்படி உருவானதுதான்.

அந்தக் காலனியைக் காப்பாற்றப் பல வருடம் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், பதின்வயதில் பம்பாய் வந்தவர். பிறகு 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ, 2018-ல் காலமானார். அவரிடம் நான் வியக்கும் காரியம் மேடைப் பேச்சு அல்ல, கணக்கெடுப்பு. அரசாங்கம் நம்மை எண்ணும்வரை காத்திருக்காமல் நாமே நம்மை எண்ணுவோம் என்று கிளம்பினார். 1985-ல் தாராவிக்காகப் பிரதமர் நிதியிலிருந்து 37 கோடி ரூபாய் திட்டம் வந்தது. இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதிலேயே அடிதடி. 1986-ல் அவர் தலைமையிலான தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு வீடு வீடாகப் போய் எண்ணியது. 5,30,225 பேர், 1,06,045 குடும்பங்கள், 80,518 கட்டடங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

இந்த மூன்று எண்களில் கடைசி இரண்டை ஒரு நிமிடம் பாருங்கள். கழித்தால் 25,527. எதை 'ஒன்று' என்று எண்ணுகிறோம், கட்டடத்தையா, குடும்பத்தையா என்ற ஒரே கேள்வியில் 25,527 குடும்பங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கட்டடத்துக்கு ஒரு வீடு என்று விதி எழுதினால் மாடியில் வாடகைக்கு இருப்பவரும், ஒரே கூரைக்குக் கீழ் தடுப்பு வைத்துக் குடியிருக்கும் தம்பி குடும்பமும் கணக்கில் விழமாட்டார்கள். புத்தகத்தில் 'அலகு' என்று ஒரு வரியில் போட்டுவிட்டுப் போவார்கள்.

இனி அந்தக் கோடு. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்பது விகித அளவை என்று சொன்னேன். மகாராஷ்டிர அரசு அதை இரண்டு கட்டமாக்கியது, தகுதி உண்டு, இல்லை. முதலில் 1976 கணக்கு, பிறகு 1980, 1985, பிறகு 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1 என்று கோடு நகர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் நகர்த்தக் காரணம் கருணையா, தேர்தலா என்பது உங்கள் முடிவுக்கு. 1999 டிசம்பரில் வந்தவனுக்கும் 2000 ஜனவரியில் வந்தவனுக்கும் நிஜத்தில் வித்தியாசம் சில வாரம். கட்டத்தில் போட்டால் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. 1960-ல் வந்தவரும் 1999-ல் வந்தவரும் ஒன்று.

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதி இது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல் தளத்தில் இருப்பவருக்கும், 2011-க்குப் பின் வந்தவருக்கும், 2022 நவம்பர் 15-க்குள் என்றால், வெளியே வாடகை அல்லது தவணை முறையில். முன்னே மேல்மாடிக்காரர் கணக்கிலேயே வராமல் இருந்ததற்கு இது ஒருபடி மேல்தான். ஆனாலும் அதே ஏணியில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும், ஒரே வருடம் ஒரே ரயிலில் வந்தவர்களாக இருந்தாலும், வேறு வேறு கட்டம்.

இதில் தேதியை நிரூபிப்பது குடியிருப்பவர் பொறுப்பு. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது எதுவும் இல்லாதவர்கள் வங்கிக்கு வருகிறார்கள். "சார், இந்தக் கணக்கை 97-ல் ஆரம்பிச்சேன், ஒரு லெட்டர் குடுங்க" என்று கேட்கிறார்கள். கணினிக்கு மாறும் முன்பு இருந்த லெட்ஜர்கள் பல கிளைகளில் இப்போது கிடையாது. வங்கிகள் பழைய பதிவேடுகளைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. முத்திரையும் முகவரியும் உள்ள பழைய பாஸ்புக்கைக் கொண்டுவந்தால் ஏதாவது முயற்சி செய்ய இடமிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலோ 1999-க்கு முந்தைய பாஸ்புக், மணியார்டர் ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தாராவியிலோ பார்க்சைட்டிலோ இருக்கும் சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.